ஆயர் ஈத்தாமில் ஒரு கம்பளிக் கோட்டு

டிசம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில், பன்னிரண்டாம் மாடி வீட்டின் படுக்கையறையில், அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு, சீனி முகம்மது தன் நாற்பத்தெட்டு வருட வாழ்க்கையின் மிகப் பெரிய பிரகடனத்தை வெளியிட்டார்.

"என் உசுரு இருக்கிற வரைக்கும் இந்தக் கோட்டு இந்த வீட்டை விட்டு வெளியே போகாது!"

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நூர்ஜான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சரி" என்றாள்.

நூர்ஜான் கத்தினால் பயமில்லை. ஆயர் ஈத்தாம் மழை மாதிரி, கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். 'சரி' என்றால்தான் ஆபத்து. கிளாஸ்கோவில் இருந்தபோது ஒருநாள், "இன்னும் அஞ்சு வருஷம் இங்கேதான், பேச்சை விடு" என்று இவர் சொன்னார். "சரி" என்றாள். ஆறாவது மாதம் குடும்பத்தோடு பினாங்கில் வந்து இறங்கிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று அவர் மூன்று வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் வந்ததுதான் கோட்டு. கரும்பச்சை நிறம். முழங்காலுக்குக் கீழே இறங்கும். ஆறு பெரிய பொத்தான்கள். தூக்கினால் ஒரு நடுத்தர ஆட்டின் எடை. பத்தொன்பது குளிர்காலம் அதற்குள் நுழைந்துகொண்டுதான் அவர் அங்கே ஒரு கல்லூரி நூலகத்துக்கு வேலைக்குப் போய் வந்தார். இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை. கைலியும் பனியனும் சீருடை. அலமாரியில் மட்டும் கோட்டு, நூர்ஜானின் நான்கு பாஜு குரோங் அங்கிகள் தொங்க வேண்டிய இடத்தில், ஒரு மாமனார் மாதிரி விறைப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அதற்குச் சோதனை வந்துவிட்டது. கிழக்குக் கரையில் வெள்ளம். அடுக்குமாடியின் தொழுகைக்கூடமான சூராவில் துணிமணி, போர்வை, அரிசி எல்லாம் சேர்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை லோரி கிளந்தானுக்குப் புறப்படுகிறது. பெண்கள் குழுவுக்குத் தலைவி நூர்ஜான்.

"வெள்ளத்துல நிக்கிறவனுக்குக் கம்பளிக் கோட்டா?" என்றார் சீனி முகம்மது. "நனைஞ்சா அதைப் போட்டவன் நடக்கவும் முடியாது, மிதக்கவும் முடியாது."

"தண்ணியில நிக்கிறவங்களுக்கு இல்ல. முகாம்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு. குளிரும் லா."

"எனக்கு மட்டும் குளிரலையா? இது குளிர்காலம்."

"ஃபேன் அஞ்சுல ஓடுது."

அவர் போய் ஃபேனை இரண்டில் வைத்தார். உடனே வியர்த்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"அங்க இருந்தப்போ தெனம் காலையில இதைத் திட்டுவீங்க. எருமைத் தோலைச் சுமக்கிறேன்னு சொன்னது யாரு?"

"அது அப்போ."

"இப்போ?"

இப்போது என்ன என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்துக்கு அவரிடம் வேறு அத்தாட்சி கிடையாது. அதுவும் போய்விட்டால், ஆயர் ஈத்தாம் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி எங்குமே போகாத ஓர் ஆளாகத்தான் சாவார். இதையெல்லாம் சொன்னால் நூர்ஜான், "போட்டோ இருக்கே" என்பாள். அதனால் மறுபடியும் கையை விரித்தார்.

"போகாதுன்னா போகாது."

"அதான் சரின்னு சொல்லிட்டேனே" என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை அவர் தாக்குதலில் இறங்கினார். பயன்படாத பொருளைத்தானே கொடுக்கச் சொல்கிறாள்? பயன்படுத்திக் காட்டினால்?

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மலையின் பாதியை மேகம் விழுங்கியிருந்தது. இருபத்து நாலு டிகிரி. சீனி முகம்மது கோட்டை மாட்டி, ஆறு பொத்தானும் போட்டு, மீன் வாங்கப் பாசாருக்குப் புறப்பட்டார். லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டு வடிவம்மாள் கூடையோடு நின்றிருந்தார். இவரைப் பார்த்ததும் கூடையை நழுவவிட்டார்.

"ஐயையோ, தம்பி! காய்ச்சலா?"

"இல்லக்கா. குளிர்காலம்."

"எங்கே?"

"இங்கதான்."

வடிவம்மாள் நடைபாதையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கீழே எட்டிப் பார்த்தார். பிறகு இரக்கமாக அவரைப் பார்த்தார்.

"டெங்கி வந்தா இப்படித்தான் தம்பி ஆரம்பத்துல நடுக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் வந்துச்சு. அவரும் ஒத்துக்கல."

பாசாரில் மீன்காரச் சீனர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் தூர இருந்தே பலகையில் வைத்தார். இஞ்சி விற்ற அம்மாள் கேட்காமலேயே இரண்டு துண்டு சேர்த்துப் போட்டு, "கொதிக்க வெச்சுக் குடிங்க" என்றாள். அவர் கழுத்திலிருந்து ஓர் ஓடை புறப்பட்டு முதுகுவழியே செருப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. நேராகப் போய் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

அங்கேதான் நியாயம் கிடைத்தது. பஸ்ஸில் ஏர்கான் எலும்பைத் துளைத்தது. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டும், துண்டைப் போர்த்திக்கொண்டும், பையை மடியில் அணைத்துக்கொண்டும் விறைத்துக் கிடந்தார்கள். நடுவில் சீனி முகம்மது மட்டும் அரசர் மாதிரி உட்கார்ந்திருந்தார். டவுனில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் திரும்பினார். மறுபடியும் போனார். மூன்று தரம்.

சாயங்காலம் வீடு திரும்பினால், குடியிருப்போர் குழுவிலிருந்து மூன்று பேர் டார்ச் விளக்கோடு பூந்தொட்டிகளுக்குள் கொசுப்புழு தேடிக்கொண்டிருந்தார்கள். வடிவம்மாள் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி பதினெட்டு மாடிக்கும் போயிருந்தது. நூர்ஜான் அவர்களுக்குப் பால் ஊற்றித் தே கலக்கிக் கொடுத்தாள்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "அவருக்குக் குளிர்காலம்."

*

புதன்கிழமை காலை அலமாரியைத் திறந்தால் கோட்டு இல்லை.

கூடத்தில் கிளந்தானுக்குப் போக வேண்டிய கறுப்புப் பைகள் பதினொன்று கழுத்தைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. சீனி முகம்மது ஒவ்வொன்றாகக் கழுத்தை அவிழ்த்தார். முதல் பையில் கைலி. இரண்டாவதில் குழந்தைச் சட்டை. கூடம் ஜவுளிக்கடையாகிவிட்டது. பத்தாவது பையில் ஒரு கரும்பச்சைக் கை எட்டிப் பார்த்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"தெரியாமக் கலந்திருக்கும்" என்றாள் நூர்ஜான். "எல்லாத்தையும் மறுபடி மடிச்சு வெச்சிடுங்க."

மடித்தார். மத்தியானம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒளிந்து விளையாடும் ஆட்டம் ஆரம்பமானது. மெத்தைக்கு அடியில் கோட்டைப் பரப்பினார். சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயரப் போன நூர்ஜான் குரல் கொடுத்தாள்.

"என்னங்க, பினாங்கு மலை உச்சியில படுத்த மாதிரி இருக்கு. மலை ஏறுற ரயில்தான் இன்னும் வரல."

மெத்தையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு மேலுள்ள பரணுக்கு மாற்றினார். வியாழக்கிழமை காலை குழாய்க்காரர் வந்து பரணைத் திறந்தார். இரண்டு மாதமாக இவர் கூப்பிட்டும் வராதவர் அன்று பார்த்து வந்தார். பரணிலிருந்து, கீழே நிறுத்தியிருந்த காடியின் பின்பெட்டிக்கு மாற்றினார். அன்று மத்தியானமே அரிசி மூட்டை ஏற்ற வேண்டும் என்று நூர்ஜான் காடியை எடுத்துக்கொண்டு போனாள். கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகள் அதிராவும் கூடப் போனாள். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் வந்து இறங்கியபோது, கோட்டு பின்னிருக்கையில், அதிராவுக்குப் பக்கத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பின்பெட்டியில இடம் இல்ல" என்றாள் நூர்ஜான். "அதான் இவரை மேல உக்காரச் சொல்லிட்டேன்."

"வழியில ஒருத்தங்க சலாம் சொன்னாங்க அத்தா" என்றாள் அதிரா.

சீனி முகம்மது அன்று சாயங்காலம் பலகணியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டு ஆழ்ந்து யோசித்தார். வீட்டில் பாதுகாப்பில்லை. வடிவம்மாளிடம் கொடுப்பதும் பாசாரில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்வதும் ஒன்று. சூராவுக்கு வரும் எல்லா ஆண்களின் மனைவிமாரும் நூர்ஜான் படையில் இருக்கிறார்கள். இந்தத் தீவில் நூர்ஜானின் கை எட்டாத இடம் எது?

பதில் ராத்திரிச் சாப்பாட்டில் தானாகவே வந்து விழுந்தது.

"அந்த ஷேக் அலாவுதீன் கடைப் பக்கம் இனிமே நான் தலை வெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்றாள் நூர்ஜான், தேவையே இல்லாமல், அதிராவுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே. "ஏழாம் மாடி நிக்காஹ்வுக்கு அனுப்பினாரே பிரியாணி! அதுல கறியைத் தேடிக் கண்ணு போச்சு. அத்தனையும் உருளைக்கிழங்கு. அவங்க வீட்டோட எனக்குப் பேச்சே இல்ல. நம்பரையே போன்ல இருந்து தூக்கிட்டேன்."

அதிராவுக்குத் திடீரென்று புரையேறியது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு ஓடினாள்.

சீனி முகம்மதுக்கு மட்டும் சோறு அமிர்தமாக இருந்தது. ஷேக் அலாவுதீன் அவரோடு ஆறாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. ஜார்ஜ் டவுனில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. மாடியில் ஒரு சாமான் அறை உண்டு. அல்லாஹ் ஒரு கதவை அடைத்தால்... என்று ஆரம்பித்து, மனைவி முன்னால் சிரிக்கக் கூடாது என்பதால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், கோட்டை ஓர் அரிசிச் சாக்குக்குள் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் நனைந்தபடி அலாவுதீன் கடைக்குள் பின்வாசல் வழியாக நுழைந்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "முக்கியமா நூர்ஜான்கிட்ட."

"நான் எதுக்கு மாப்பிளே சொல்லப் போறேன்?" என்றார் அலாவுதீன். "நான் சொல்லி அவளுக்கு ஒண்ணும் தெரிய வேண்டியதில்ல. கொண்டா, கொண்டா."

சாக்கிலிருந்து கோட்டை உருவி எடுத்து, தோளில் பிடித்து, உதறி, உள்பக்கம் வெளிப்பக்கம் திருப்பி, ஆட்டிறைச்சி வாங்குபவர் மாதிரி அழுத்திப் பார்த்தார்.

"நல்ல கனம். எவ்வளவு குளிர் தாங்கும்?"

மூன்று வருடத்தில் முதன்முறையாக ஒரு மனிதன் கேட்ட கேள்வி! சீனி முகம்மது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"மைனஸ் பத்து வரைக்கும் போட்டு நடந்திருக்கேன்."

"மைனஸ் பதினெட்டு?"

"உள்ள ஒரு ஸ்வெட்டர் போட்டா தாராளமா."

"அப்பச் சரி" என்று அலாவுதீன் நிம்மதியாகத் தலையாட்டினார். அதோடு நிற்கவில்லை. குழம்பை ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், இவரை உட்கார வைத்து, மீன் முட்டைக் குழம்பும் ஆட்டுக்கறியும் போட்டு, தேயும் ஆற்றிக் கொடுத்து அனுப்பினார். பழைய சிநேகம் என்றால் இதுதான் என்று நெகிழ்ந்துகொண்டே சீனி முகம்மது பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிக் கதவை அவரே திறந்து காட்டினார். காலி.

"கோட்டு எங்கே?" என்றாள் நூர்ஜான்.

"உலகத்தில எங்கேயோ இருக்கு. முடிஞ்சா கண்டுபிடி."

"வீட்டை விட்டு வெளியே போகாதுன்னீங்க?"

இது அவருக்குத் தோன்றவே இல்லை. "அது... உன் கையால போகாதுன்னு அர்த்தம்" என்றார்.

"சரி" என்றாள்.

சனிக்கிழமை முழுக்க மழை. நூர்ஜான் காலையிலிருந்து வடிவம்மாள் வீட்டில் இருந்தாள். தையல் மெஷின் அங்கேதான். வெள்ளத்தில் இருப்பவர்களுக்குக் கைலி மூட்டுகிறார்களாம். பதினொரு மணிக்கு ஒரு தடித்த ஊசியும் நூல்கண்டுமாக வந்தாள்.

"என் கண்ணாடி எங்கேயோ போச்சு. இதைக் கோர்த்துக் கொடுங்க. நீங்க புத்தகம் படிக்கிற கண்ணு."

வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மை வேண்டும். சீனி முகம்மது ஜன்னல் பக்கம் போய், நாக்கில் நூலை ஈரப்படுத்தி, ஒரே குத்தில் கோர்த்தார்.

"கைலிக்கு எதுக்குக் கரும்பச்சை நூலு? இவ்வளவு தடிமனா?"

"மழைக்காலத்துல ரொம்பக் கேள்வி கேக்காதீங்க. ஊசி துருப்பிடிச்சிரும்."

மறுபடியும் இரண்டு தரம் வந்தாள். இரண்டு தரமும் கோர்த்துக் கொடுத்தார். மூன்றாம் தரம் சீட்டியடித்துக்கொண்டே கோர்த்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி முழுவதும் கீழே இறங்கிவிட்டது. மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று யாரிடமும் பேதம் பார்க்காமல் நூர்ஜான் வேலை வாங்கினாள். சீனி முகம்மது பன்னிரண்டு அரிசி மூட்டை ஏற்றினார். மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. வேலை செய்த எல்லோருக்கும் சாப்பாடு. நூறு பொட்டலம். பிரித்தால் சுடச்சுடச் சோறு, ஆட்டுக்கறி, மீன் முட்டைக் குழம்பு.

"எந்தக் கடை?" என்றார்.

"யாரோ ஒரு நல்ல மனுசன்" என்றாள் நூர்ஜான்.

குழம்பின் ருசி நாக்குக்கு எங்கேயோ தெரிந்தது. அலாவுதீன் கை மாதிரியே இருந்தது. ஆனால் அலாவுதீனையும் நூறு இலவசப் பொட்டலத்தையும் ஒரே சிந்தனைக்குள் அடக்க முடியவில்லை. அந்த யோசனையை விட்டுவிட்டு இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தார். லோரி புறப்பட்டபோது கையைக் கட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பார்த்தியா? என் கோட்டு இல்லாமலே போகுது."

"பார்த்தேன்" என்றாள் நூர்ஜான். "நல்லாச் சாப்பிட்டீங்களா?"

திங்கட்கிழமை காலை, போர் முடிந்த தளபதி நடையில், கோட்டை மீட்டு வர அலாவுதீன் கடைக்குப் போனார். பின்வாசலுக்கு உள்ளே, போன மாதம்தான் புதிதாகப் போட்ட குளிர் அறை. இரும்புக் கதவு. அவர் உள்ளே நுழைந்த நேரத்தில் அந்தக் கதவு திறந்தது. வெள்ளைப் புகை வெளியே வந்தது. புகைக்குள்ளிருந்து, தோளில் ஒரு முழு ஆட்டுத் தொடையோடு, அவருடைய கோட்டு நடந்து வந்தது.

அதற்குள் ஓர் ஆள் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குள்ளமானவர். சாஹித் என்று பெயர். குளிர் அறைச் சாமான்களுக்குப் பொறுப்பு. இத்தனை நாள் இரண்டு கைலியும் மழைக்கோட்டும் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வந்தவர்.

"சும்மா தொங்கிக்கிட்டு இருந்துச்சு மாப்பிளே..." என்று அலாவுதீன் எங்கோ பார்த்துக்கொண்டு இழுத்தார்.

"யாரைக் கேட்டு?" என்று சீனி முகம்மது கத்தினார். குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. சாஹித் பதறிப்போய், தொடையைக் கீழே வைத்துவிட்டு, பொத்தானைக் கழற்றப் பார்த்தார். விரல்கள் விறைத்திருந்தன. பொத்தான் பிடிபடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் குவித்து வாயருகே வைத்து, ஊதி, மறுபடி முயன்றார்.

அந்த ஊதலைச் சீனி முகம்மதுக்குத் தெரியும். பத்தொன்பது வருடம், அதே கோட்டுக்குள் நின்றுகொண்டு, நூலகத்து வாசல் பூட்டின் முன்னால் அவர் ஊதிய அதே ஊதல். திட்ட வந்தவர் கிட்டே போய்ப் பொத்தானைப் பிடித்தார்.

"மூணாவது பொத்தான் அப்படி வராதுண்ணே" என்றார். "கொஞ்சம் சாய்ச்சு உள்ளே தள்ளணும். இப்படி." தள்ளிக் காட்டினார். "கழட்டாதீங்க. போட்டுக்கங்க. உங்களுக்குத்தான்."

கோட்டின் கை சாஹித்தின் மணிக்கட்டில் அளவெடுத்த மாதிரி நின்றது. தன்னை விட இவ்வளவு குள்ளமானவருக்கு எப்படி என்று ஒரு கணம் தோன்றியது. குளிரில் சுருங்கியிருக்கும் என்று முடிவு செய்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏர்கான் எலும்பைத் துளைத்தது. கையைக் கட்டிக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தவருக்கு, ஆயர் ஈத்தாம் நெருங்க நெருங்க ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. தோற்கவில்லை! நூர்ஜான் கேட்டாள், கொடுக்கவில்லை. லோரி வந்தது, கொடுக்கவில்லை. கொடுத்தது தானாக, தன் இஷ்டத்துக்கு, தான் பார்த்த மனிதனுக்கு. இதைவிடப் பெரிய வெற்றி உண்டா?

வீட்டுக்குள் நுழைந்து, அலமாரிக்கு முன்னால் போய் நின்று, இரண்டாவது பிரகடனத்தை வெளியிட்டார்.

"கோட்டைக் கொடுத்திட்டேன். உன் லோரிக்கு இல்ல. நானா, என் மனசால, ஒரு மனுசனுக்குக் கொடுத்தேன். யாரும் கேட்டும் இல்ல, யாரும் சொல்லியும் இல்ல!"

நூர்ஜான் அலமாரியைத் திறந்தாள். காலி இடத்தில் நான்கு பாஜு குரோங்கை ஒவ்வொன்றாக மாட்டினாள்.

"சரி" என்றாள். "அவருக்குக் கை நீளம் சரியா இருக்கா? மூணு அங்குலம் குறைச்சேன். சனிக்கிழமை அலாவுதீன் அண்ணன் கோட்டோட கொண்டு வந்து கொடுத்த அளவு."

சீனி முகம்மது கட்டிலில் உட்கார்ந்தார்.

"எப்போ பேசினது?"

"போன மாசமே. ஒரு கோட்டுக்கு நூறு பொட்டலம். நீங்களே ரெண்டு சாப்பிட்டீங்க."

"அவரோட பேச்சே இல்லைன்னியே!"

"பேச்சு இருக்குன்னு சொல்லியிருந்தா அங்க கொண்டு போயிருப்பீங்களா? நான் கேட்டா கொடுக்க மாட்டீங்க. ஒளிச்சு வைக்கச் சொன்னா மழையில சுமந்துக்கிட்டுப் போவீங்க."

அவர் துள்ளி எழுந்தார். கடைசியாக ஒருமுறை கைகளை அகல விரித்தார்.

"இது சதி! தெரிஞ்சிருந்தா இதுல நான் ஒரு சுண்டுவிரலைக்கூட அசைச்சிருக்க மாட்டேன்!"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க" என்றாள் நூர்ஜான், அலமாரிக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு. "மூணு தரமும் ஊசியில நூல் கோர்த்துக் கொடுத்ததே நீங்கதானே?"